அமெரிக்காவில் கிளைடர் வாங்கலாம், ஆனால் யார் பெயரில்?

கேள்வி கேட்டவர் ஸ்டுட்கார்ட்டில் பணிபுரிகிறார். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர். ஜெர்மனியில் கிளைடர், அதாவது இயந்திரமில்லாத விமானம், ஓட்ட உரிமம் பெற்றவர். கோடை விடுமுறைக்கு நெவாடா மாநிலத்தின் மிண்டனுக்குப் போகிறார். அங்கே டிரெய்லரோடு டிஸ்கஸ் பி ரகப் பழைய கிளைடர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. அதை வாங்கி, இரண்டு மூன்று கோடைகள் அங்கேயே வைத்துப் பறந்துவிட்டு, பிறகு ஜெர்மனிக்குக் கொண்டுவர எண்ணம். பதிவையும் காப்பீட்டையும் எப்படிச் செய்வது என்று கேட்கிறார்.

நீங்கள் அதை வாங்குவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் பெயரில் அமெரிக்காவில் பதிவு செய்ய முடியாது. பதிவில்லாத கிளைடர் பறக்கக் கூடாது; மீறிப் பறந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தராமல் கையை விரித்துவிடலாம். எனவே யார் பெயர் என்பதை முதலில் தீர்மானியுங்கள். பிறகு காப்பீட்டை எழுத்தில் உறுதி செய்யுங்கள். பணம் கடைசியில்தான் கைமாற வேண்டும். விற்பவர் அவசரப்படுத்துவதாலும், நெவாடா வானத்தைப் பார்த்த மயக்கத்தாலும் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

இயந்திரம் இல்லாவிட்டாலும் கிளைடர் சட்டத்தின் பார்வையில் விமானம்தான். 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி, ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் தேசியத்தைப் பெறுகிறது. ஒரே நேரத்தில் இரு நாடுகளில் அதைப் பதிவு செய்ய முடியாது. யாருடைய விமானத்துக்குத் தன் தேசியத்தைத் தருவது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்துகொள்கிறது. இந்த விஷயத்தில் அமெரிக்கா கறார். தனி மனிதராக இருந்தால் அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ, அதாவது கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வருபவருக்கு இடமில்லை. எச்-1பி விசாவில் பத்தாண்டுகளாக அங்கேயே வாழ்ந்து, வரி கட்டி, வீடும் வாங்கிவிட்ட நம்மவர்களுக்கும் இதே நிலைதான். வீட்டைச் சொந்தப் பெயரில் பதிவு செய்த கையோடு விமானத்தையும் செய்துவிடலாம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு.

தகுதி உள்ளவருக்கு வேலை மிகச் சுலபம். விற்பனைப் பத்திரமும் பதிவு விண்ணப்பமும் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவகத்துக்குப் போக வேண்டும். கட்டணம் 5 டாலர். உங்கள் விமான நிலையக் காபியைவிட மலிவு. சான்றிதழ் 7 ஆண்டுகளுக்குச் செல்லும். 2023 ஜனவரிக்கு முன்பு இது 3 ஆண்டாக இருந்தது. சான்றிதழ் வந்து சேரும்வரை விண்ணப்பத்தின் பிரதியைக் கிளைடரில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குள் பறக்கலாம். ஆனால் இந்தத் தற்காலிக அனுமதி தகுதியுள்ள விண்ணப்பதாரருக்கு மட்டுமே. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, மறுப்புக் கடிதம் வருவதற்குள் ஒரு கோடையைக் கழித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அதில் குடியுரிமை குறித்த உறுதிமொழியின் கீழ் கையெழுத்திடுவது நீங்கள்தான்.

அப்படியானால் என்ன வழி? மிகவும் இயல்பான வழி, உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து வாங்குவது. நெவாடாவிலும் கலிஃபோர்னியாவிலும் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு கிளைடரை வைத்திருப்பது சாதாரணம். ஆனால் கூட்டு உரிமையாளர்களாக நால்வர் பெயரையும் எழுதினால், நால்வருக்கும் தனித்தனியே தகுதி இருக்க வேண்டும். நீங்கள் ஒருவர் உள்ளே வந்தாலும் விண்ணப்பம் திரும்பிவிடும். அதற்குப் பதில் ஒரு நிறுவனத்தை அமைத்து அதன் பெயரில் வாங்கலாம். அந்த நிறுவனம் அமெரிக்கக் குடிமகனாகக் கருதப்பட வேண்டுமானால், வாக்குரிமையில் குறைந்தது 75 சதவீதம் குடிமக்களிடம் இருக்க வேண்டும். தலைவரும், இயக்குநர்களிலும் நிர்வாகிகளிலும் குறைந்தது மூன்றில் இரு பங்கினரும் குடிமக்களாக இருக்க வேண்டும். உண்மையான கட்டுப்பாடும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். மூன்று குடிமக்களோடு நான்காவதாக நீங்கள் கால் பங்கு எடுத்தால் கணக்கு எல்லைக்கோட்டில் சரியாக நிற்கும். கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் தனியாக ஒரு கிளைடரைப் பதிவு செய்யலாம். ஆனால் இந்த 75 சதவீதக் கணக்கில் அவர் குடிமகனாக எண்ணப்படமாட்டார். மூன்று குடிமக்களில் ஒருவருக்குப் பதில் அவரைச் சேர்த்தால் ஏற்பாடு உடைந்துவிடும்.

இரண்டாவது வழி, முழுக்க உங்களுக்கே சொந்தமான ஓர் அமெரிக்க கார்ப்பரேஷன். குடிமக்கள் அல்லாதவர்களின் கார்ப்பரேஷனும், விமானம் அமெரிக்காவிலேயே தங்கி, ஒவ்வொரு 6 மாத காலத்திலும் பறக்கும் நேரத்தில் குறைந்தது 60 சதவீதம் அங்கேயே பறந்தால் பதிவு செய்யலாம். மிண்டனை விட்டு நகராத கிளைடருக்கு இது பெரிய சவாலே இல்லை. சிக்கல் வேறு திசையிலிருந்து வரும். வெளிநாட்டவருக்குச் சொந்தமான கார்ப்பரேஷன் வருமான வரித்துறைக்கு 5472 என்ற படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பரிவர்த்தனைகள் அதில் வரும். தாக்கல் செய்யத் தவறினால் அபராதம் 25,000 டாலர். பழைய டிஸ்கஸின் விலையோடு ஒப்பிடக்கூடிய தொகை இது. வரி ஆலோசகருக்கு ஆண்டுதோறும் கட்டணம் கொடுக்க மனமில்லாதவர் இந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மூன்றாவது வழி டிரஸ்ட். அமெரிக்கக் குடிமகனான டிரஸ்டி ஒருவர் சட்டப்படியான உரிமையாளராக இருப்பார். பயன் முழுவதும் உங்களுக்கு. டிரஸ்டியின் முடிவுகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தில் வெளிநாட்டவருக்கு 25 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. 2013-இல் எஃப்ஏஏ இதற்கான நடைமுறையை இறுக்கியது. விமானத்தை யார், எங்கே இயக்குகிறார் என்று கேட்டால் டிரஸ்டி உடனுக்குடன் பதில் சொல்லியாக வேண்டும். முறையான வழிதான், தனியார் ஜெட் வைத்திருப்பவர்கள் வழக்கமாகப் போவதும்தான். தொடக்கக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், பத்திரச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு கோடைக்காகப் பழைய ஒற்றை இருக்கை கிளைடர் வாங்குபவருக்குக் கட்டுப்படியாவது கடினம் என்பது என் கருத்து.

நான்காவதாக ஒரு வழியை மைதானத்தில் யாராவது காதோடு சொல்வார்கள்: "என் பெயரில் போட்டுக்கொள்ளுங்கள், நமக்குள் என்ன?" இது பினாமி. நண்பர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு விவாகரத்து நடந்தாலோ, அவர்மேல் கடன் வழக்கு வந்தாலோ, அவர் இறந்துவிட்டாலோ உங்கள் கிளைடர் அவருடைய சொத்துக் கணக்கில் போய்ச் சேரும். விபத்து நடந்தால் உரிமையாளர் என்ற முறையில் வழக்கில் முதலில் நிற்பவர் அவர். காப்பீட்டு விண்ணப்பத்தில் உண்மையான உரிமையாளரை மறைத்திருந்தால் பாலிசியே செல்லாது என்ற வாதம் எழும். பதிவுக்காகத் தெரிந்தே பொய்த் தகவல் தருவது அமெரிக்கச் சட்டத்தில் சிறை வரை போகக்கூடிய குற்றம். நண்பருக்கு இந்த உபகாரத்தைச் செய்யாதீர்கள்.

எந்த வழியானாலும், பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கம் பாருங்கள். எஃப்ஏஏ பதிவுச் சான்றிதழ் விமானத்தின் தேசியத்துக்குத்தான் ஆதாரம். உரிமைக்கு ஆதாரம் அல்ல என்று சட்டமே சொல்கிறது. சான்றிதழில் பெயர் இருப்பதால் மட்டும் விற்பவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். பதிவான கடன்கள் ஓக்லஹோமா சிட்டி ஆவணங்களில் இருக்கும். அதைத் தேடித் தர அங்கேயே முகவர்கள் இருக்கிறார்கள். பணத்தையும் பத்திரத்தையும் ஒருசேரத் தம்மிடம் வைத்திருந்து, எல்லாம் சரியானதும் இரு தரப்புக்கும் கைமாற்றும் சேவையும் அவர்களிடம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வாங்குபவர் இந்தச் செலவில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இனி காப்பீடு. தனியார் கிளைடருக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று அமெரிக்க மத்திய சட்டம் எதுவும் கூறவில்லை. ஜெர்மனியிலிருந்து வருபவருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 785/2004 விதிமுறைப்படி அங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் குறைந்தபட்சத் தொகை உண்டு. 500 கிலோவுக்குக் கீழே என்றால் 7.5 லட்சம் எஸ்டிஆர். 500 முதல் 1,000 கிலோவுக்குக் கீழ் வரை 15 லட்சம் எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு; ஒன்று ஏறத்தாழ ஒன்றே கால் முதல் ஒன்றரை டாலருக்குள் இருக்கும். டிஸ்கஸ் பி-யின் அதிகபட்ச எடை 525 கிலோ; ஆகவே இரண்டாம் படி. எடை கூட்டுவதற்கான தண்ணீரை இறக்கைகளில் நிரப்பாமல் பறந்தால் 500 கிலோவுக்குக் கீழே வருமே என்ற வாதம் எடுபடாது. ஆவணத்தில் உள்ள அதிகபட்ச எடைதான் கணக்கு.

அமெரிக்காவில் சட்டம் கேட்காவிட்டாலும் விமான நிலையமும் கிளப்பும் கேட்கும். பெரும்பாலும் 10 லட்சம் டாலர் மூன்றாம் நபர் காப்பீடு இருக்க வேண்டும், பாலிசியில் தங்கள் பெயரையும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்பார்கள். ஜெர்மன் கிளப்பின் பாலிசி அங்கே உங்களுக்கு உதவாது. அது குறிப்பிட்ட விமானத்துக்கு எடுத்தது. விமானி போகுமிடமெல்லாம் கூடவே வராது. ஐரோப்பிய பாலிசிகள் பலவற்றில் அமெரிக்காவும் கனடாவும் விலக்கப்பட்டிருக்கும். அங்கே ஜூரிகள் வழங்கும் இழப்பீட்டுத் தொகைகளைக் கண்டு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு இருக்கும் அச்சம்தான் காரணம். எனவே அமெரிக்க பாலிசிதான் தேவை. கிளைடர் விமானிகளின் அமைப்பான அமெரிக்க சோரிங் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு ஒரு குழுக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வெளிநாட்டு விமானியின் விண்ணப்பத்தைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அங்கே கிடைப்பார்கள் என்பதால் அங்கிருந்து தொடங்குங்கள்.

பாலிசியில் முதலில் பெயரைப் பாருங்கள். காப்பீடு பெறுபவரின் பெயரும் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நிறுவனமோ டிரஸ்டோ உரிமையாளர் என்றால் அதன் பெயர் முதலில், இயக்குபவராக உங்கள் பெயர் அடுத்து. அடுத்தது விமானி குறித்த நிபந்தனை. பெயர் குறிப்பிட்ட விமானிகள் மட்டும் பறக்கலாமா, குறிப்பிட்ட அனுபவமுள்ள எவரும் பறக்கலாமா என்பது அதில் இருக்கும். "ஒரு சுற்றுப் பறந்து பாருங்களேன்" என்று நண்பரிடம் கொடுத்து, அவர் வயலில் இறக்கி உடைத்தால் செலவு உங்களுடையது. மூன்றாவதாக, விமானத்தின் பதிவும் பறக்கும் தகுதிச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும் என்ற வரி. பதிவு சரியில்லாவிட்டால் காப்பீடும் சரிந்துவிடும் என்று நான் சொல்வது இந்த வரியை வைத்துத்தான்.

கிளைடரின் சேதத்துக்கான காப்பீட்டில் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதுவார்கள். பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். உதாரணமாக, 30,000 டாலர் பெறுமான கிளைடரை 15,000 என்று எழுதிவிட்டீர்கள். தரையில் இறக்கை தட்டிச் சுழன்று வால் உடைந்தது. பழுது பார்க்க 13,000 ஆகும். நிறுவனம் முழு இழப்பு என்று அறிவித்து, 15,000-ஐக் கையில் கொடுத்து, உடைந்த கிளைடரைத் தன்னுடையதாக்கிக்கொள்ளலாம். பழுது பார்த்திருந்தால் 30,000 பெறும் கிளைடர் போய்விட்டது. அதே போன்ற இன்னொன்றை வாங்கி மிண்டனுக்குக் கொண்டுவர என்ன ஆகுமோ அதையே மதிப்பாக எழுதுங்கள். கருவிகளும் டிரெய்லரும் அதில் அடங்குமா, தனியா என்று கேளுங்கள். பிரித்துப் பூட்டும்போதும் சாலையில் இழுத்துச் செல்லும்போதும் ஏற்படும் சேதம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கிளைடர்களின் இறக்கைகள் வானத்தில் மட்டும் அடிபடுவதில்லை.

மூன்றாம் நபர் தொகையைப் பற்றி அலட்சியமாக இருப்பவர்களுக்கு மிண்டன் பகுதியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 28 அன்று, நெவாடாவின் ஸ்மித் என்ற ஊருக்கு அருகே ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில் ஹாக்கர் 800 ரக ஜெட் ஒன்றும் கிளைடர் ஒன்றும் மோதிக்கொண்டன. கிளைடர் விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார். மூக்கு சிதைந்த ஜெட், சக்கரங்களை இறக்க முடியாமல் கார்சன் சிட்டியில் வயிற்றால் தரையிறங்கியது. யாரும் சாகவில்லை. கிளைடரில் டிரான்ஸ்பாண்டர், அதாவது இருப்பிடத்தை ரேடாருக்கும் மற்ற விமானங்களுக்கும் காட்டும் கருவி, இருந்தது; ஆனால் அணைக்கப்பட்டிருந்தது. ரேடியோவுக்காக பேட்டரியைச் சேமிக்க அப்படிச் செய்ததாக விமானி கூறினார். கிளைடர்களுக்கு விதிவிலக்கு இருந்ததால் சட்டப்படி அதில் தவறும் இல்லை. ரீனோவுக்கு வரும் ஜெட்களின் பாதையில்தான் நீங்கள் பறக்கப் போகிறீர்கள். டிரான்ஸ்பாண்டர் உள்ள கிளைடரைத் தேர்ந்தெடுங்கள், பேட்டரியை இரட்டிப்பாக்குங்கள், 10 லட்சத்துக்கு மேல் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

காப்பீட்டு நிறுவனம் உங்கள் உரிமத்தையும் கேட்கும். அமெரிக்கப் பதிவுள்ள கிளைடரை அமெரிக்காவில் ஓட்ட ஜெர்மன் உரிமம் மட்டும் போதாது. அதன் அடிப்படையில் ஓர் அமெரிக்கச் சான்றிதழ் பெற வேண்டும். முதலில் உங்கள் உரிமம் உண்மையானதுதானா என்று எஃப்ஏஏ ஜெர்மன் அதிகாரிகளிடம் கேட்டு உறுதி செய்யும். அந்தக் கடிதம் 6 மாதம்தான் செல்லும். பிறகு அவர்களுடைய உள்ளூர் அலுவலகத்தில் நேரில் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு பயிற்றுநரோடு பறப்புத் திறன் மீளாய்வும் தேவை. அமெரிக்க முகவரி இல்லாதவர், சட்ட அறிவிப்புகளைத் தம் சார்பில் பெற்றுக்கொள்ள அங்கே ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும் என்ற விதி 2025-இல் நடைமுறைக்கு வந்தது. தரையிலிருந்து கம்பியால் இழுத்து ஏற்றும் வின்ச்சில் மட்டுமே ஏறிப் பழகியவர் என்றால், விமானம் இழுத்துச் செல்லும் ஏற்றத்துக்கான பயிற்சியும் பதிவேட்டில் கையெழுத்தும் வேண்டும். மிண்டனில் விமானம்தான் இழுக்கும். அமெரிக்க மருத்துவச் சான்று மட்டும் கிளைடருக்குத் தேவையில்லை. இவ்வளவில் ஒரு சலுகை!

ஜெர்மனிக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு வருவோம். டிஸ்கஸ் பிறந்த இடம் உங்கள் வீட்டிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் உள்ள கிர்ஷ்ஹைம். அதை நெவாடா போய் வாங்கித் திருப்பிக் கொண்டுவருவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாங்கும் முன் அதன் பறக்கும் தகுதிச் சான்று எந்த வகை என்று பாருங்கள். அமெரிக்காவில் உள்ள ஜெர்மன் கிளைடர்கள் பல, வழக்கமான சான்றில் இல்லாமல் கண்காட்சி, போட்டி என்ற பரிசோதனை வகையில் பறக்கின்றன. அப்படிப்பட்ட கிளைடரின் பராமரிப்புப் பதிவுகளில் தயாரிப்பாளரின் தொழில்நுட்ப அறிவிப்புகளும், 3,000 மணி நேரத்தில் செய்ய வேண்டிய பெரிய ஆய்வும் விடுபட்டிருக்கலாம். ஐரோப்பாவில் அவை ஒவ்வொன்றும் கேட்கப்படும். ஏற்றுமதிக்கான பறக்கும் தகுதிச் சான்று கிடைப்பதும் கடினமாகும். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் சில சமயம் இதுதான். இறக்குமதியின்போது ஜெர்மனியில் 19 சதவீத வாட் வரியும் உண்டு.

இதைவிடப் பெரிய தடை, ஜெர்மன் பதிவேடும் குடியுரிமை பார்க்கும் என்பது. அங்கே பதிவு செய்ய, உரிமையாளர் ஜெர்மானியராகவோ ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனாகவோ இருக்க வேண்டும் என்பது பொது விதி; விதிவிலக்கைத் தனியே விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். ஆனால் பிரிட்டனின் பதிவேட்டில் காமன்வெல்த் குடிமக்களுக்கு இடம் உண்டு. இந்தியரும் இலங்கையரும் அதில் அடக்கம். ஒருமுறைகூட லண்டனில் வசிக்காத உங்கள் பெயரில் பிரிட்டிஷ் பதிவுக்கு வழி இருக்க, இத்தனை காலம் வாழும் ஜெர்மனியில் சிக்கல்! இருந்தாலும் அந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, பிரிட்டிஷ் பதிவுள்ள கிளைடரை ஜெர்மனியில் வசித்துக்கொண்டு ஓட்டுபவருக்குப் பிரிட்டிஷ் உரிமமும் ஐரோப்பிய உரிமமும் இரண்டும் தேவைப்படும். உங்கள் கிளப்பே அதை வாங்கித் தன் பெயரில் பதிவு செய்து, உங்களுக்கு எழுத்துபூர்வமாகப் பயன்பாட்டு உரிமை தருமா என்று கேட்டுப் பாருங்கள். அல்லது ஜெர்மன் குடியுரிமை கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். ஒரு கிளைடருக்காகப் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் போகமாட்டேன்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், முதல் கோடையில் வாங்கவே மாட்டேன். வாடகைக்கு எடுத்து, சொந்த விமானம் இல்லாத விமானிகளுக்கு அமெரிக்காவில் விற்கும் தனிக் காப்பீட்டை எடுத்துக்கொள்வேன். வாடகை நிறுவனத்தின் பாலிசி அதன் கிளைடரைக் காக்கும். உங்கள் மேல் வழக்கு வந்தால் உங்களைக் காக்கும் என்று எண்ண வேண்டாம். அந்தக் கோடையிலேயே மிண்டன் ஆட்களோடு பழகி, மூன்று குடிமக்கள் உள்ள குழுவில் கால் பங்கு கிடைக்குமா என்று பார்ப்பேன். கலிஃபோர்னியாவில் கிளைடரை நிறுத்தினால் ஜனவரி 1 நிலவரப்படி மாவட்ட நிர்வாகம் சொத்து வரி விதிக்கும் என்பதையும் குழு பேசும்போது கேட்டு வையுங்கள்.

உரிமச் சரிபார்ப்புக் கடிதத்துக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். டிரெய்லருக்கு மாநிலப் பதிவும் நம்பர் பிளேட்டும் தனி. இன்னொன்று: வாடகைக் கார் நிறுவனங்கள் பெரும்பாலானவை டிரெய்லர் இழுப்பதை ஒப்பந்தத்திலேயே தடுத்திருக்கின்றன. கொக்கி பொருத்திய வண்டியை இழுப்பதற்கு அனுமதியோடும் காப்பீட்டோடும் தருபவர் யார் என்று மிண்டனிலேயே முன்கூட்டி விசாரித்து வையுங்கள். இல்லாவிட்டால், பாலைவனத்தில் எங்கேயாவது தரையிறங்கிய கிளைடரை எடுத்துவர உங்களுக்கு வண்டி இருக்காது.